லிஸ்பன்: ஒரே காலையில் விழுந்து, திட்டம் போட்டு எழுந்த தலைநகரம்

[காட்சி: தேஜு ஆற்றங்கரைச் சதுக்கம். மூன்று பக்கமும் மஞ்சள் கட்டடங்கள், நடுவில் குதிரை மேல் அரசர் சிலை]

போர்ச்சுக்கல் அரசர்களின் அரண்மனை இருந்த இடம் இது. 1755 நவம்பர் 1 காலை வரை இருந்தது.

அன்று புனிதர் அனைவரின் திருநாள். ஊரே தேவாலயங்களில் கூடியிருந்தது, பீடமெல்லாம் மெழுகுவத்தி. ஒன்பதரை மணிக்கு மேல் நிலம் ஆடியது. தப்பியவர்கள் வெட்டவெளி தேடி ஆற்றங்கரைக்கு ஓடினார்கள். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, சுனாமி ஆற்று வழியே ஏறி வந்தது. அப்புறம் தீ. ஐந்தாறு நாள் எரிந்தது. அரண்மனை, அதனுள் இருந்த அரச நூலகம், திறந்து ஏழு மாதமே ஆன ஓபரா அரங்கு எல்லாம் போயின.

[காட்சி: அரசர் முதலாம் ஜுசேயின் ஓவியம்]

அரசர் குடும்பத்தோடு ஊருக்கு மேற்கே பெலேமில் இருந்ததால் பிழைத்தார். ஆனால் கல் கட்டடம் என்றாலே அவருக்குப் பயம் வந்துவிட்டது. அஜுடா குன்றில் மரத்தாலான குடியிருப்பு கட்டிக்கொண்டு போய்விட்டார்.

வேலையைக் கையில் எடுத்தவர் அமைச்சர் கர்வாலு. பின்னாளில் பொம்பால் பிரபு என்று பெயர் பெற்றவர். நோய் பரவாமலிருக்கப் பிணங்களைப் படகில் ஏற்றிக் கடலில் விடச் செய்தார். கொள்ளையடித்தவர்களைத் தூக்கில் போட்டார். எவ்வளவு நேரம் ஆடியது, கடல் முதலில் ஏறியதா இறங்கியதா என்று நாடு முழுவதும் உள்ள தேவாலயப் பங்குகளின் குருக்களுக்குக் கேள்விகள் அனுப்பப்பட்டன. அந்தப் பதில்கள் இன்றைய ஆய்வாளர்களுக்கும் பயன்படுகின்றன.

சரி, அவரை வெறும் நல்லவராகவும் நினைத்துவிட வேண்டாம். இது கடவுளின் தண்டனை என்று எழுதிய பாதிரியார் மலக்ரிடாவை அவர் ஊரைவிட்டே விரட்டினார். 1761-இல் கத்தோலிக்கத் திருச்சபையின் மதவிசாரணை மன்றத் தீர்ப்பில் அந்தப் பாதிரியார் கொல்லப்பட்டார்.

[காட்சி: மேலிருந்து பைஷா என்னும் ஆற்றோரத் தாழ்நிலப் பகுதி, கோடு போட்டதுபோல் நேர்த் தெருக்கள்]

ஊரை எப்படிக் கட்டுவது? எண்பதை நெருங்கிய தலைமைப் பொறியாளர் மனுவேல் ட மாயா பல வழிகளை எழுதிக் கொடுத்தார். பழையபடியே கட்டலாம், பெலேம் பக்கம் புது ஊராகவும் போகலாம். கடைசியில், இடிந்ததைச் சமன் செய்து அகலமான நேர்த் தெருக்கள் போடுவது என்று முடிவாயிற்று.

எனக்குப் பிடித்த பகுதி சுவருக்குள்ளே இருக்கிறது. குறுக்கும் நெடுக்குமாக மரச்சட்டங்களைப் பூட்டிக் கூண்டு செய்து, இடைவெளியைக் கல்லும் செங்கல்லும் வைத்து நிரப்பினார்கள். நிலம் ஆடினால் கூண்டும் சேர்ந்து ஆடும், சட்டென்று உடையாது. ஒரு மாதிரியைக் கட்டி, படைவீரர்களை அதைச் சுற்றி அணிவகுத்து நடக்கவிட்டுச் சோதித்ததாகச் சொல்வார்கள். அடியில் ஆற்றோரச் சேற்று மண், அதனால் பைன் மரக் கம்பங்களை அடித்து இறக்கினார்கள். அவை ஈரத்தில் இருக்கும்வரை உளுத்துப் போவதில்லை.

[காட்சி: அல்ஃபாமா படிக்கட்டுச் சந்துகள், பிறகு கூரையில்லாத கார்மு தேவாலயம்]

பக்கத்துக் குன்றில் அல்ஃபாமா அவ்வளவாக அடிபடவில்லை. 1147-இல் போர்ச்சுக்கலின் முதல் அரசர் அஃபோன்ஸு என்ரிக்ஸ் ஊரைப் பிடிக்கும் முன் இங்கே முஸ்லிம்கள் ஆண்டார்கள். சந்துகள் இன்னும் அந்தக் காலத்துப் போக்கில்தான் வளைகின்றன. கார்மு தேவாலயத்துக்கு மட்டும் கூரை திரும்பவே இல்லை. சர்வாதிகார ஆட்சியைக் கவிழ்த்த 1974 ஏப்ரல் 25 புரட்சியன்று, அதை ஒட்டிய படைத்தலைமையகத்தில் ஒளிந்திருந்த பிரதமர் கயெத்தானு அங்கேயே சரணடைந்தார்.

[காட்சி: பைஷாவின் தரைத்தளக் கடைகள்]

பைஷாவில் இப்போது பயம் வேறு. கடைக்கு இடம் வேண்டும் என்று தரைத்தளச் சுவர்களைப் பலர் இடித்துவிட்டார்கள். அவற்றோடு அந்த மரக்கூண்டுகளும் பல இடங்களில் அறுபட்டுவிட்டன. அடுத்து நிலம் ஆடுவதற்குள் எந்தக் கட்டடத்தில் கூண்டு முழுசாக இருக்கிறது என்று பார்ப்பதுதான் பொறியாளர்களின் இன்றைய வேலை.