வசனத்தின் மறுபாதி

நேயர்களுக்கு வணக்கம். நெல்லைச் சீமையின் சேகரங்களில், அதாவது பல ஊர்ச் சபைகள் சேர்ந்த வட்டாரங்களில், முப்பது வருடத்துக்கு மேல் குருவானவராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வீட்டுக்குள்ளேயே அடியும் சீரழிவும் பட்டு, அதிலிருந்து மெல்ல எழுந்து வருகிறவர்களைச் சபை எப்படித் தாங்க வேண்டும் என்று பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் தாங்கத் தவறிய ஒருத்தியிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

ஆலங்குளம் பக்கம் ஒரு கிராமம், தொண்ணூறுகளின் கடைசி. பீடி சுற்றும் ஒரு பெண் சாயங்காலம் குருமனைத் திண்ணைக்கு வந்தாள். "இந்த மாசம் சங்கக் காணிக்கை தர முடியாது ஐயா, விரல் மடங்க மாட்டேங்கு" என்றாள். வலது கையில் இரண்டு விரல் வீங்கிக் கறுத்திருந்தது. பீடி இலையைச் சுருட்டி, வாயை மடக்கி, நூல் சுற்றுகிற விரல்கள் அவை. அவை ஓடாவிட்டால் அந்த வாரம் கடைக்குக் கணக்குக் கொடுக்க முடியாது, வீட்டில் உலை வைக்க முடியாது. நான் முதலில் காணிக்கை நோட்டை எடுத்து அவள் பெயருக்கு நேரே பாக்கி என்று எழுதினேன். அப்புறம்தான் விரலுக்கு என்னம்மா ஆச்சு என்று கேட்டேன். புருஷன் முறுக்கிவிட்டான் என்றாள். இதற்கு முன்னாலும் நடந்திருக்கிறது என்றாள்.

நான் என்ன செய்தேன்? அவள் தலையில் கை வைத்து ஜெபம் பண்ணினேன். வேதத்தில் மல்கியா புத்தகத்திலிருந்து "தள்ளிவிடுதலை நான் வெறுக்கிறேன்" என்ற வசனத்தைச் சொன்னேன். தள்ளிவிடுதல் என்றால் மனைவியை விலக்கிவிடுவது. பொறுமையாக இரு, அவனை மன்னித்துவிடு, கர்த்தர் அவன் மனதை மாற்றுவார் என்று சொல்லி, இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போகச் சொன்னேன். போனாள். அதற்குப் பிறகு நான் அந்தச் சேகரத்தில் இருந்த வரைக்கும் அவள் குருமனைப் படி ஏறவில்லை.

அந்த வசனத்துக்கு மறுபாதி இருக்கிறது நேயர்களே. அதே 2ஆம் அதிகாரம், அதே 16ஆம் வசனம், "அப்படிப்பட்டவன் கொடுமையினால் தன் வஸ்திரத்தை மூடுகிறான்" என்று தொடர்கிறது. மேலே 14ஆம் வசனத்தில், இளவயதின் மனைவிக்குத் துரோகம் செய்கிறவனுக்கு விரோதமாகக் கர்த்தரே சாட்சியாக நிற்கிறார். புருஷனைப் பார்த்துச் சொன்ன வார்த்தையை நான் பெண்டாட்டியின் கையில் விலங்காக மாட்டி அனுப்பினேன். அறியாமல் செய்தேன் என்று சொல்ல முடியாது, அந்த அதிகாரத்தை நான் எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன்.

மன்னிப்பு பற்றியும் நாம் இப்படித்தான் பாதியில் நிறுத்துகிறோம். மத்தேயு 18இல் ஏழெழுபது தரம் மன்னிக்கச் சொன்னது எல்லோருக்கும் மனப்பாடம். அதே அதிகாரத்தின் மேலே, சிறியரில் ஒருவனுக்கு இடறல் உண்டாக்குகிறவனைப் பற்றிச் சொல்லும்போது, கழுத்தில் ஏந்திரக்கல்லைக் கட்டிச் சமுத்திரத்தில் அமிழ்த்துவது அவனுக்கு நலம் என்று அதே இயேசுதான் சொன்னார். மன்னிப்பு வரும்போது வரட்டும். காயம் ஆறாதவளிடம் அதைக் கடன் வசூலிப்பதைப் போலக் கேட்கக் கூடாது. ஒருவேளை மன்னித்தாலும், அவனோடு மறுபடி ஒரே கூரையின் கீழ் படுக்க வேண்டும் என்று அதற்கு அர்த்தம் கிடையாது.

வேதத்தில் தாவீது ராஜாவின் மகள் தாமாருடைய கதையைப் பாருங்கள். சொந்தச் சகோதரன் முறையுள்ளவன் அவளைக் கெடுத்தான். இன்னொரு அண்ணன், "நீ மவுனமாயிரு, இந்தக் காரியத்தை உன் மனதிலே வைக்காதே" என்றான். அப்பாவாகிய தாவீது கோபப்பட்டார், அவ்வளவுதான், வேறொன்றும் செய்யவில்லை. குடும்ப மானம், சபை மானம் என்று நம்மூரில் பேசுகிற பேச்சு எனக்கு இந்த அரண்மனையைத்தான் ஞாபகப்படுத்துகிறது.

நம் சீமையில் வேறு விதமாக நடந்ததும் உண்டு. 1901ஆம் ஆண்டு பண்ணைவிளையில் மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையாரிடம் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி வந்து சேர்ந்தாள். கோயிலுக்கு விடப்பட்ட பிள்ளை. அதற்கு முன்னால் ஒரு தடவை தப்பித்து அம்மாவிடமே ஓடியிருக்கிறாள், அம்மா திருப்பி ஒப்படைத்துவிட்டாள், தண்டனையாகக் கையில் சூடு போட்டார்கள். இரண்டாம் தடவை வந்த இடத்தில் அவளைத் திருப்பி அனுப்பவில்லை. டோனாவூரில் பிறகு உருவான பெரிய இல்லத்துக்கு வேர் அதுதான். நான் திருப்பி அனுப்பிய அந்தப் பீடி சுற்றும் பெண்ணைப் போல எத்தனை பேர்.

இப்போது சட்டமும் கையில் இருக்கிறது. 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி, விவாகரத்து கேட்காமலே ஒரு பெண் பாதுகாப்பு உத்தரவு வாங்கலாம், அந்த வீட்டிலேயே குடியிருக்கும் உரிமையும் கேட்கலாம். உதவிக்குக் கூப்பிட போன் நம்பர், பெண்களுக்கு 181, பிள்ளைகளுக்கு 1098. பிள்ளைகள் விஷயத்தில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: பிள்ளைகள் மேல் நடக்கும் பாலியல் குற்றங்களுக்கான 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி, விஷயம் தெரிந்தவர் யாராக இருந்தாலும் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும், அதில் குருவானவர், உபதேசியார், ஓய்வுநாள் பள்ளி டீச்சர் எல்லோரும் அடக்கம். கமிட்டியைக் கூட்டிப் பேசி முடிப்பது குற்றத்தை மூடுவது.

சரி, புகார் கொடுத்தாயிற்று, வீட்டை விட்டு வந்தாயிற்று, அப்புறம்? அதற்குப் பிறகுதான் சபையின் வேலை நீளமானது, வருடக்கணக்கில் போகும். தலையில் கை வைத்து ஜெபிக்கும் முன்னால் வைக்கலாமா என்று கேளுங்கள், திடீரென்று மேலே படுகிற கை அவர்களுக்கு வேறொரு கையாகத் தோன்றும். அப்பாவே கொடுமை செய்த பிள்ளைக்கு "எங்கள் பிதாவே" என்பது தொண்டையில் நிற்கும், அதை அவிசுவாசம் என்று திட்டாதீர்கள். கொடுமை செய்தவன் முன்வரிசையில் உட்கார்ந்து திருவிருந்துக்கு வருகிறான் என்றால், அவள் ஏன் கோயிலுக்கு வருவதில்லை என்று கேட்பதை விட்டுவிட்டு அவனிடம் போய்ப் பேசுங்கள். 55ஆம் சங்கீதக்காரன் அழுததும் சத்துருவை நினைத்து அல்ல, தன்னோடு கூடத் தேவாலயத்துக்குப் போன தோழனை நினைத்துத்தான். அப்புறம் இந்த ஜெபக்குறிப்பு. "பெயர் சொல்லவில்லை, நம்ம தெருச் சகோதரி ஒருத்திக்காக ஜெபியுங்கள்" என்று வீட்டு ஜெபத்தில் சொன்னால், விடிவதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். அவள் நம்பிச் சொன்னது அவளுடையது. அவள் சம்மதம் இல்லாமல் ஆண்டவரிடம்கூட ஊர் கேட்கச் சத்தமாகச் சொல்ல நமக்கு உரிமை இல்லை.

எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே, போதும் கர்த்தாவே என்று படுத்துவிட்டபோது தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து எழுப்பினான், திரும்பத் தூங்கவிட்டான், மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். ஒரு வருடத்து அரிசி, பிள்ளையின் பள்ளிக்கூடப் பீஸ், கோர்ட்டுக்குத் துணைக்கு வர ஒரு ஆள், இதெல்லாம் அந்த அடைதான்.

ஓய்வு பெற்ற பிறகு அந்தப் பெண் தன் தங்கச்சி வீட்டில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். வரலாமா என்று தங்கச்சி மூலம் கேட்டு, சரி என்ற பிறகு ஐயரம்மாவோடு, அதாவது என் மனைவியோடு, போனேன். அவளுக்கு ஒரு காது கேட்காமல் போயிருந்தது. நல்ல காதுப் பக்கம் உட்கார்ந்து, அன்றைக்கு நான் செய்தது தப்பும்மா என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "நீங்க நோட்டுல எழுதுனீங்கல்லா ஐயா, அந்தப் பேனாவையே பாத்துட்டு இருந்தேன்" என்றாள். மன்னிச்சிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பிறகு ஐயரம்மாவைப் பார்த்து, கருப்பட்டிக் காப்பி குடிப்பீங்களா என்று கேட்டுவிட்டு அடுப்பங்கரைக்குப் போனாள்.