வாடை எங்கிருந்து வருகிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

வீடு எப்போதும் நல்ல மணத்தோடு இருக்க வேண்டும் என்று யாருக்குத்தான் ஆசை இருக்காது? அதற்காக விதவிதமான வாசனைத் தெளிப்பான்களை வாங்கி மாதாமாதம் காசைக் கரைப்பவர்கள் நிறையப் பேர். அவ்வளவு செலவு தேவையே இல்லை என்று சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன். வாடை எங்கிருந்து கிளம்புகிறது என்று தேடிப் பிடித்து அதை நீக்கிவிட்டால், முக்கால்வாசி வேலை அங்கேயே முடிந்துபோகும். அதை விட்டுவிட்டு மேலே மணத்தைத் தெளித்தால், வாடையும் இருக்கும், மணமும் இருக்கும், இரண்டும் கலந்து தலைவலியும் வரும்.

தேடுவதில்தான் ஒரு சிக்கல். நம் வீட்டு வாடை நமக்கே தெரியாது. காற்றில் மிதந்து வரும் மூலக்கூறுகள் மூக்கில் படும்போது நமக்கு வாடை தெரிகிறது. அதே மூலக்கூறுகள் தொடர்ந்து பட்டுக்கொண்டிருந்தால், சில நிமிடங்களிலேயே மூக்கும் மூளையும் அதைக் கண்டுகொள்வதை விட்டுவிடுகின்றன. அதனால் வெளியே போய்விட்டுத் திரும்பும் நேரம்தான் சரியான நேரம். கதவைத் திறந்ததும் முதல் இரண்டு மூன்று மூச்சைக் கவனித்து இழுங்கள். அப்படியே ஒவ்வொரு அறையாக, ஒவ்வொரு மூலையாகப் போய்ப் பாருங்கள். அப்போதும் பிடிபடவில்லை என்றால், மனத்துக்கு நெருக்கமான ஒருவரை அழைத்து, உள்ளதைச் சொல்லச் சொல்லுங்கள். வீட்டில் வாடை வருகிறதே என்று விருந்தினரைக் கூப்பிடவே தயங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான்: வாடை வந்தால் வீட்டைச் சரியாகப் பெருக்கித் துடைக்கவில்லை என்று பொருள் இல்லை. பல வீடுகளில் காரணம், யார் கண்ணிலும் படாத ஒரு குழாய்.

அந்தக் குழாயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கைகழுவும் தொட்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். கழிவுநீர்க் குழாய் நேராக இறங்காமல், கீழே போய், வளைந்து மேலே ஏறி, அப்புறம்தான் சுவருக்குள் போகும். அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும். சாக்கடையிலிருந்து வரும் வாயுவை வீட்டுக்குள் விடாமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். 1775-இல் அலெக்சாண்டர் கம்மிங் என்பவர் இப்படி வளைந்த குழாயோடு கூடிய கழிப்பறைக்குக் காப்புரிமை வாங்கினார். இன்றுவரை வீடுகளில் வேலை செய்வது அதே உத்திதான். விருந்தினர் அறைக் குளியலறை மாதிரி அதிகம் புழங்காத இடங்களில் அந்தத் தண்ணீர் சில வாரங்களில் வற்றிப்போகிறது. உடனே அழுகிய முட்டை வாடை கிளம்பும். அது ஹைட்ரஜன் சல்பைடு. மிக மிகக் குறைந்த அளவில் இருந்தாலே நம் மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். இதற்கு மருந்து ஒரு செம்புத் தண்ணீர். குளியலறைத் தரையில் சல்லடை மூடி போட்ட துளை இருக்கிறதே, அதிலும் ஊற்றுங்கள். நீண்ட நாள் ஊருக்குப் போவதாக இருந்தால், தண்ணீர் ஊற்றிய பிறகு ஒரு கரண்டி சமையல் எண்ணெயும் விடுங்கள். எண்ணெய் மேலே படர்ந்து நின்று, தண்ணீர் சீக்கிரம் ஆவியாகாமல் காக்கும். தண்ணீர் ஊற்றியும் வாடை நிற்கவில்லை என்றால் குழாய் இணைப்பில் கசிவு இருக்கலாம், பிளம்பரைக் கூப்பிடுவதுதான் நல்லது.

அடுத்த பெரிய காரணம் ஈரம். துவைத்து, காய்ந்து, மடித்து வைத்த துண்டுதான். முகத்தைத் துடைத்ததும் ஒரு முடை வாடை வருகிறதே, ஏன்? ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012-இல் இதற்கு விடை சொன்னார்கள். மொராக்செல்லா ஒஸ்லோயென்சிஸ் என்ற பாக்டீரியா துணி இழைகளுக்குள் தங்கி, ஒரு வகை அமிலத்தை உண்டாக்குகிறது. துணி காய்ந்தாலும் அது எளிதில் சாவதில்லை. மறுபடி ஈரம் பட்டதும் வேலையைத் தொடங்கிவிடுகிறது. அதனால் இப்படி வாடை பிடித்த துண்டை, துணி தாங்குமென்றால் நல்ல சுடுதண்ணீரில், 60 டிகிரிக்குக் குறையாத சூட்டில், துவைக்க வேண்டும். சோப்புத் தூளை அள்ளிப் போடாதீர்கள். அலசிப் போகாத சோப்பு துணியிலேயே தங்கி, அழுக்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும். துணியை மென்மையாக்கும் திரவமும் இழைமேல் ஒரு பூச்சுப் பூசிவிடும், துண்டுக்கு அது வேண்டாம். துவைத்த துணியை மெஷினுக்குள்ளேயே மணிக்கணக்கில் விட்டு வைப்பதுதான் எல்லாவற்றையும்விடக் கெடுதல். முன்பக்கக் கதவுள்ள மெஷினாக இருந்தால் அந்த ரப்பர் வளையத்தை விரலால் விலக்கிப் பாருங்கள். மடிப்புக்குள் கறுப்பாகக் கொழகொழவென்று இருக்கும். அதைத் துடைத்தெடுத்துவிட்டு, ஒவ்வொரு முறை துவைத்து முடித்ததும் கதவைத் திறந்தே வையுங்கள்.

ஈரம் பட்ட சுவர், கால்மிதி, மெத்தை எல்லாவற்றுக்கும் இதே நியாயம்தான். நனைந்த பொருளை ஒன்றிரண்டு நாளுக்குள் உலர்த்திவிட்டால் பெரும்பாலும் பூஞ்சை பிடிக்காது. அதைத் தாண்டினால் பூஞ்சை வாடையோடு வாழ வேண்டியதுதான். சுவர் எங்கிருந்து நனைகிறது என்று பார்க்காமல் மேலே சுண்ணாம்பு அடிப்பதில் எந்தப் பயனும் இல்லை.

சரி, இப்போது சமையலறையில் கிடைக்கும் இரண்டு பொருள்களுக்கு வருவோம். சமையல் சோடா, வினிகர். இரண்டையும் எல்லாரும் பரிந்துரைக்கிறார்கள். ஆனால் எதற்கு எதை என்று யாரும் சொல்வதில்லை. வாடைகளில் சில அமிலத் தன்மை கொண்டவை: வியர்வை, புளித்த பால், செருப்புக்குள் வரும் வீச்சம், நான் சொன்ன அந்தத் துண்டு வாடை. இவற்றுக்குக் காரத்தன்மை கொண்ட சமையல் சோடா பொருத்தம். வேறு சில காரத்தன்மை கொண்டவை: மீன் கவிச்சி, சிறுநீரின் நெடி. இவற்றுக்கு அமிலமான வினிகர் பொருத்தம். மீன் கழுவிய தொட்டியை வினிகர் கலந்த தண்ணீரால் துடைத்தால் கவிச்சி விலகிவிடும். அந்த அமிலம் கவிச்சிக்குக் காரணமான டிரைமெத்தில்அமைனை ஆவியாகாத உப்பாக மாற்றிவிடுகிறது. எலுமிச்சைச் சாறும் இதே வேலையைச் செய்யும். ஆனால் பளிங்குக்கல் மேடையில் இரண்டையும் ஊற்றாதீர்கள், கல்லை அரித்துவிடும்.

சோடாவையும் வினிகரையும் சேர்த்துக் கொட்டினால் நுரை பொங்கும். பார்ப்பதற்கு ஏதோ பெரிதாக நடப்பது போலத் தெரியும். உண்மையில் ஒன்றை ஒன்று முறித்துக்கொண்டு, கரியமில வாயு பறந்துபோய், மிஞ்சுவது சோடியம் அசிடேட் கலந்த தண்ணீர்தான். தனித்தனியாகப் பயன்படுத்தினால்தான் பலன். இதைவிட முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. பிளீச்சோடு வினிகரையோ வேறு எந்த அமிலத்தையோ கலக்கவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும். அம்மோனியா உள்ள பொருள்களோடும் பிளீச்சைச் சேர்க்கக் கூடாது, அதிலும் நச்சு வாயுதான் வரும். கழிப்பறைச் சுத்தத் திரவங்கள் பல அமிலம் கலந்தவை என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மூடிய குளியலறையில் இந்தத் தவறு உயிருக்கே ஆபத்தாகலாம்.

மெத்தைக்கும் சோபாவுக்கும் சமையல் சோடாவைத் தூவி, சில மணி நேரம் விட்டு, வாக்குவம் கிளீனரால் உறிஞ்சி எடுங்கள். வளர்ப்புப் பிராணியின் சிறுநீர் ஊறிய இடத்துக்கு மட்டும் இது போதாது. அதில் உள்ள யூரிக் அமிலம் தண்ணீரில் எளிதில் கரையாமல் படிகமாகத் தங்கி, காற்றில் ஈரம் கூடும் நாள்களில் மறுபடி வாடை எழுப்பும். அதற்கென்று நொதி கலந்த திரவம் விற்கிறார்கள். காசு கொடுத்து வாங்க வேண்டிய ஒன்றிரண்டு பொருள்களில் அதுவும் ஒன்று. குப்பைத்தொட்டியை வாரம் ஒருமுறை கழுவிக் காயவைத்து, அடியில் பழைய செய்தித்தாளை மடித்துப் போடுங்கள். ஃப்ரிட்ஜின் பின்பக்கம் கீழே தண்ணீர் சொட்டும் தட்டு ஒன்று இருக்கும், அதையும் துடையுங்கள்.

மூடிய அலமாரிக்கும் செருப்பு அடுக்குக்கும் ஆக்டிவேட்டட் கார்பன் எனப்படும் பதப்படுத்திய கரி நன்றாக வேலை செய்யும். ஒரு கிராம் கரிக்குள் இருக்கும் நுண்துளைகளின் பரப்பை விரித்தால் 500 சதுர மீட்டருக்கும் மேல் வரும். வாடை மூலக்கூறுகள் அந்தப் பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன. இடம் நிரம்பிவிட்டால் கரி மாற்ற வேண்டும். பெரிய அறையில் ஒரு மூலையில் சின்னப் பையைத் தொங்கவிட்டுப் பலன் எதிர்பார்க்க முடியாது. தொட்டிச்செடிகளும் அப்படித்தான். 1989-இல் வந்த நாசாவின் ஆய்வைக் காட்டி, செடி காற்றைச் சுத்தப்படுத்தும் என்று சொல்கிறார்கள். அந்தச் சோதனை நடந்தது மூடிய சிறு அறைகளில். சாதாரண வீட்டில் காற்று தானாக மாறும் வேகத்துக்குச் செடிகள் ஈடுகொடுக்க, ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது 10 செடிகளாவது வேண்டியிருக்கும் என்று 2019-இல் வெளியான மறுஆய்வு ஒன்று கணக்கிட்டது. செடி வளருங்கள், அழகுக்காக வளருங்கள். வாடையைப் போக்க ஜன்னலைத் திறந்தால் போதும்.

ஜன்னலைத் திறப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. ஒன்றை மட்டும் திறந்தால் காற்று உள்ளே சுழன்று நிற்கும். எதிரெதிரே இரண்டைத் திறந்து பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். சமைக்கும்போது எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டு, சமையல் முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் ஓடவிடுங்கள். எண்ணெய் ஆவி திரைச்சீலையில் போய் உட்கார்ந்துவிட்டால் அப்புறம் துவைக்காமல் போகாது.

இதெல்லாம் செய்த பிறகு கொஞ்சம் நறுமணம் வேண்டும் என்று தோன்றினால், எலுமிச்சைத் தோலையும் ஒரு துண்டு பட்டையையும் தண்ணீரில் போட்டு மெல்லிய தீயில் வையுங்கள். தண்ணீர் வற்றுகிறதா என்று பக்கத்திலேயே இருந்து பாருங்கள். எந்த வாசனையும் அளவோடுதான் இருக்க வேண்டும். எலுமிச்சை மணத்துக்குக் காரணமான லிமோனீன் காற்றிலுள்ள ஓசோனோடு சேர்ந்தால் ஃபார்மால்டிஹைடு உண்டாகும் என்பது தெரிந்த விஷயம். ஜன்னல் சாத்திய அறையில் நாள் முழுக்கத் தெளிப்பானைப் பயன்படுத்துவது, ஆஸ்துமா உள்ளவர்கள் வீட்டில் நிச்சயம் வேண்டாம். பூனை வளர்ப்பவர்கள் டீ ட்ரீ எண்ணெய் போன்றவற்றைக் கிட்டவே சேர்க்காதீர்கள், அது பூனைக்கு விஷம்.

சில வாடைகளை மறைக்கவே கூடாது. சமையல் எரிவாயுவுக்கு இயல்பில் வாடை கிடையாது. கசிந்தால் நமக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே மெர்காப்டன் என்ற கந்தகச் சேர்மத்தை அதில் கலக்கிறார்கள். அந்த நெடி வந்தால் ஸ்விட்சைத் தொடாதீர்கள், போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். தீக்குச்சி கிழிக்காதீர்கள். கைக்கு எட்டினால் வால்வை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, எல்லோரும் வெளியே போய், அங்கிருந்து உதவிக்குக் கூப்பிடுங்கள். ஸ்விட்ச் போர்டு பக்கம் மீன் வாடை போலவோ பிளாஸ்டிக் கருகுவது போலவோ வந்தால், உள்ளே ஏதோ சூடாகி உருகுகிறது. மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனை அழையுங்கள். அவர் வந்து பார்க்கும்வரை மறுபடி போடாதீர்கள்.

நன்றி, வணக்கம்.