வாழைப்பழம் யாருக்கு, எப்போது?

அவைக்கு வணக்கம்.

எலியைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் அமைப்பாளர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நம் வீட்டுப் பரணில் ஓடுகிற எலி இல்லை. ஆப்பிரிக்காவில் வாழும், கன்னத்தில் பையுள்ள பெரிய எலி. ஒரு கிலோ எடை சாதாரணமாக வரும். பார்வை மந்தம், மூக்கு அபாரம்.

தான்சானியாவின் மொரோகோரோ நகரில், சோகோயின் வேளாண் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ‘அபோபோ’ என்ற தொண்டு நிறுவனம் இவற்றைப் பழக்குகிறது. முதலில் கண்ணிவெடி தேடத்தான் பழக்கினார்கள். கம்போடியாவில் வேலை பார்த்த மகாவா என்ற எலி, ஓய்வு பெறும்வரை மொத்தம் 71 கண்ணிவெடிகளைக் காட்டிக்கொடுத்தது; 2020-இல் பிரிட்டனின் விலங்கு நல அமைப்பு ஒன்றிடம் தங்கப் பதக்கமே வாங்கியது. உலோகம் காட்டும் கருவி துருப்பிடித்த ஆணிக்கும் கத்தும். எலிக்கு ஆணி பொருட்டில்லை, வெடிமருந்து வாசனைதான் கணக்கு. மேலே ஏறி நடந்தாலும் வெடிக்காத எடை என்பது கூடுதல் வசதி.

பழக்கும் முறை எளிமையானது. ‘க்ளிக்’ என்று ஒரு சத்தம், உடனே மசித்த வாழைப்பழம். சத்தம் வந்தால் தீனி வரும் என்று குட்டிக்குப் பதிந்துவிடும். அப்புறம், சரியான வாசனையில் மூக்கை நிறுத்தினால்தான் க்ளிக். தவறினால் அடியும் இல்லை, அதட்டலும் இல்லை. வாழைப்பழம் வராது, அவ்வளவுதான். முழுப் பயிற்சிக்கு ஏறக்குறைய ஒன்பது மாதம் ஆகும்.

சிக்கல் இதற்குப் பிறகுதான். இந்த எலிகள் காசநோயையும் முகர்ந்து கண்டுபிடிக்கின்றன, அந்த வேலையைப் பாருங்கள். மருத்துவமனைகளில் பரிசோதித்து முடித்த சளி மாதிரிகள் எலிகளிடம் வருகின்றன. முதலில் சூடாக்கிக் கிருமியைக் கொன்றுவிடுவார்கள். கண்ணாடிக் கூண்டின் தரையில் வரிசையாகத் துளைகள், ஒவ்வொன்றின் கீழும் ஒரு மாதிரி. எலி ஒவ்வொரு துளையாக முகர்ந்து போகும். காசநோய் வாசனை பட்டால் சுமார் மூன்று விநாடி அங்கேயே நின்று தரையைச் சுரண்டும். நூறு மாதிரிகளை இருபது நிமிடத்தில் முடித்துவிடும். நுண்ணோக்கியில் ஒருவர் பார்த்தால் நாள்கணக்கில் ஆகும்.

சரி, மருத்துவமனை ‘நோயில்லை’ என்று அனுப்பிய மாதிரியில் எலி நிற்கிறது. இப்போது வாழைப்பழம் கொடுப்பதா, வேண்டாமா? அந்த நொடியில் உண்மை யாருக்கும் தெரியாது. கொடுத்து, அது தவறாக இருந்தால் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்ததாகிவிடும். எதற்குமே கொடுக்காவிட்டால் எலி சும்மா உலாத்த ஆரம்பித்துவிடும். எலியைக் குறை சொல்ல முடியுமா? சம்பளம் இல்லாமல் நாம் எத்தனை நாள் வேலை பார்ப்போம்!

அதனால், ஏற்கெனவே நோய் உறுதியான மாதிரிகளை நடுநடுவே கலந்து வைக்கிறார்கள். அவற்றில் நின்றால் மட்டும் பரிசு. எது எது என்று எலியை வேலை வாங்குபவருக்கு முன்கூட்டியே தெரியக் கூடாது. தெரிந்தால் அவர் கையசைவே காட்டிக்கொடுத்துவிடும், விலங்குகள் அதையெல்லாம் நம்மைவிட நன்றாகக் கவனிக்கும். என்னைக் கேட்டால், இந்த வேலையின் சாமர்த்தியம் முழுவதும் இந்த ஏற்பாட்டில்தான். மூக்கு இயற்கை தந்தது.

கண்ணிவெடி நிலத்திலும் இதே கதைதான். எலி சுரண்டிய இடத்தைக் குறித்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள், வெடி நிபுணர் பிறகுதான் வந்து தோண்டுவார். ஆகவே பயிற்சித் திடலில், புதைத்த இடம் பதிவில் உள்ள வெடிகளை வைத்துத்தான் பழக்கம் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்கிறார்கள்.

எலி நின்றுவிட்டது என்பதற்காக யாருக்கும் மாத்திரை கொடுப்பதில்லை. அந்த மாதிரி மறுபடி ஆய்வகத்துக்குப் போகும். அங்கே உறுதியானால்தான் கணக்கு. இப்படி, மருத்துவமனைகள் கண்டதற்கு மேல் சுமார் 40 சதவீதம் நோயாளிகள் கூடுதலாகத் தெரியவருகிறார்கள் என்கிறது அபோபோ.

ஆனால் அந்த நோயாளி ‘ஒன்றுமில்லை’ என்ற பதிலோடு எப்போதோ வீட்டுக்குப் போய்விட்டிருப்பார். தெருப்பெயரோ கதவிலக்கமோ இல்லாத குடியிருப்புகளில் அவரைத் தேட வேண்டும். தான்சானியாவில் அந்தத் தேடலுக்குப் போகிறவர்களில் பலர், ஒரு காலத்தில் காசநோய் வந்து குணமானவர்கள்.