மூன்று நாடுகளின் பெயரில் ஒரே அணை: செனகல் ஆறு சொல்லும் பாடம்

நண்பர்களே, வணக்கம்.

பருவநிலை மாற்றம், தண்ணீர், நாடுகளுக்கிடையே ஒத்துழைப்பு என்று எனக்குத் தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். இந்தத் தலைப்பில் ஐ.நா. மாநாடுகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகலாம், ஆனால் நான் ஒரே ஓர் ஆற்றைப் பற்றி மட்டும் பேசிவிட்டு உட்காரப் போகிறேன். மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் ஆறு. கினி நாட்டின் ஃபூட்டா ஜலோன் மலைகளில் பெய்கிற மழை மாலிக்குள் இறங்கி, அப்புறம் செனகலுக்கும் மூரித்தானியாவுக்கும் நடுவே எல்லைக்கோடாக ஓடி, சான் லூயி நகரத்தின் பக்கத்தில் அட்லாண்டிக் கடலில் சேர்கிறது. நீளம் சுமார் 1,800 கிலோமீட்டர்.

1960-களின் கடைசியில் அந்தப் பக்கம் மழை பொய்க்க ஆரம்பித்தது. சஹாரா பாலைவனத்தின் தெற்கு ஓரமான சாஹேல் பகுதியின் பஞ்சம் என்று உலகம் பேசியதே, அதுதான். மேய்ச்சல்காரர்களின் மாடுகள் மந்தை மந்தையாகச் செத்தன. ஆற்றில் நீர் வற்றினால் கடல் சும்மா இருக்குமா? கோடையில் உப்புத்தண்ணீர் முகத்துவாரத்திலிருந்து இருநூறு கிலோமீட்டர் வரை உள்ளே ஏறியது, கடைமடை நிலமெல்லாம் உவர் பூத்தது.

அந்தப் பஞ்சத்தின் நடுவில்தான், 1972 மார்ச் 11 அன்று, மாலி, மூரித்தானியா, செனகல் மூன்றும் சேர்ந்து ஓர் அமைப்பை உண்டாக்கின. செனகல் ஆற்று மேம்பாட்டு அமைப்பு, பிரெஞ்சுப் பெயரின் சுருக்கம் ஓ.எம்.வி.எஸ். (கினியும் முந்தைய அமைப்பில் இருந்தது, அரசியல் சண்டையில் விலகிப்போய் 2006-இல்தான் வந்து சேர்ந்தது.) மூன்றும் சுதந்திரம் வாங்கிப் பன்னிரண்டு வருடமே ஆன ஏழை நாடுகள். ஆனாலும் 1978-இல் அவர்கள் போட்ட ஒப்பந்தம் பணக்கார நாடுகள்கூட யோசிக்கத் தயங்குகிற ஒன்று: ஆற்றில் கட்டப்போகும் பெரிய அணைகள், அவை எந்த நாட்டு மண்ணில் இருந்தாலும் சரி, மூன்று நாடுகளின் கூட்டுச் சொத்து. வாங்குகிற கடனுக்கும் மூவரும் சேர்ந்தே பொறுப்பு, ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும்.

இது ஏன் பெரிய விஷயம் என்றால், நதிநீர் ஒப்பந்தம் என்றாலே நமக்கு அளவுதான் ஞாபகம் வரும், உனக்கு இவ்வளவு, எனக்கு இவ்வளவு. 1959-இல் எகிப்தும் சூடானும் நைல் நதியை அப்படித்தான் பிரித்துக்கொண்டன. எகிப்துக்கு 5,550 கோடி கன மீட்டர், சூடானுக்கு 1,850 கோடி. அந்த நதிக்கு மிகப் பெரும்பகுதி தண்ணீரை அனுப்புகிற எத்தியோப்பியா அந்தப் பேச்சிலேயே இல்லை. மழை வருடா வருடம் ஒரே மாதிரி பெய்யும் என்று நம்பினால்தான் இப்படி எண் போட முடியும், பருவநிலை மாறுகிற காலத்தில் அந்த நம்பிக்கைக்கே அடித்தளம் இல்லை. செனகல் ஆற்றுக்காரர்கள் 2002-இல் எழுதிய நீர்ச் சாசனத்தில் நாட்டுக்கு இத்தனை கன மீட்டர் என்ற பேச்சே கிடையாது. விவசாயம், குடிநீர், மின்சாரம், மீன்பிடி, படகுப் போக்குவரத்து, ஆற்றின் உயிர்ச்சூழல் என்று தேவைகளைச் சொல்லி, அவற்றுக்குள் தண்ணீரைப் பங்கிடச் சொல்கிறது. அந்த வருடம் எவ்வளவு வந்ததோ, அதை வைத்துக்கொண்டு எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசித்தான் ஆக வேண்டும்.

முகத்துவாரத்துக்கு அருகில் டியாமா அணை 1986-இல் முடிந்தது, கடல்நீரைத் தடுக்க. மேலே மாலியில், செனகல் ஆற்றின் தலைக்கிளையான பாஃபிங் ஆற்றின் குறுக்கே மனந்தாலி அணை 1988-இல் முடிந்தது. கொள்ளளவு சுமார் 1,130 கோடி கன மீட்டர், நம் கணக்கில் கிட்டத்தட்ட 400 டி.எம்.சி., அதாவது நான்கு மேட்டூருக்குமேல். மின்சாரத்தில் மாலிக்கு 52 சதவீதம், செனகலுக்கு 33, மூரித்தானியாவுக்கு 15. ஆனால் செலவில் பெரிய பங்கு செனகலுடையது, 42.1 சதவீதம், ஏனென்றால் பாசனத்தில் அதிகம் பலன் பெறப்போவது அவர்கள். அணை இருக்கிற நாடு மாலி, அதிகம் காசு கொடுப்பது கீழே இருக்கிற நாடு. இப்படி ஒரு கணக்கை உட்கார்ந்து பேசி முடித்திருக்கிறார்களே, அந்தப் பொறுமையை நினைத்தால் எனக்கு மரியாதைதான் வருகிறது.

1989-இல் செனகலுக்கும் மூரித்தானியாவுக்கும் நடுவே பெரும் கலவரம். ஆற்றங்கரையில் மேய்ச்சல்காரர்களுக்கும் விவசாயிகளுக்கும் வந்த தகராறில் தொடங்கி நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள், பல்லாயிரம் பேர் துரத்தப்பட்டார்கள், தூதரக உறவே அறுந்தது. அமைப்பு உடையவில்லை. 2022-இல் மாலியின் ராணுவ அரசு மேல் அண்டை நாடுகள் பொருளாதாரத் தடை போட்டன, செனகலும் எல்லையை மூடியது. அதே வருடம் டிசம்பரில் மாலி மண்ணில் 140 மெகாவாட் குயினா மின்நிலையம் கூட்டுச் சொத்தாகத் திறக்கப்பட்டது. கடனும் மின்கம்பியும் சேர்த்துக் கட்டியிருப்பதால் கோபத்தில் பிரிந்து போக முடியவில்லை.

சரி, இதோடு நிறுத்தினால் நான் உங்களிடம் பாதியை மறைத்தவனாவேன்.

டியாமா அணை உப்பைத் தடுத்தது. உப்பு போனதும் நன்னீர் நத்தைகள் பெருகின. இந்த நத்தைகளைத் தின்று கட்டுக்குள் வைத்திருந்தது ஓர் ஆற்று இறால். அந்த இறால் இனப்பெருக்கத்துக்கு முகத்துவாரத்தின் உவர்நீருக்குப் போய்வர வேண்டும், அணை அந்த வழியை அடைத்துவிட்டது. நத்தையில் வளர்கிற, பில்ஹார்சியா என்ற நோயைத் தருகிற புழு, வாய்க்காலில் துணி துவைக்கிற பெண்களின், குளிக்கிற குழந்தைகளின் தோல் வழியாக உள்ளே போகிறது. செனகலின் ரிஷார் டோல் என்ற ஊரில் 1988-இல் குடலைத் தாக்கும் வகை நோய் முதன்முதலாகத் தெரிந்தது. சில வருடங்களுக்குள் அந்த ஊர் உலகத்திலேயே மோசமாகப் பாதிக்கப்பட்ட இடங்களில் ஒன்றாகிவிட்டது. நீர்ப்பரப்பையெல்லாம் சம்பங்கோரை மூடியது, படகு போக வழியில்லை. கடலிலிருந்து மாலி வரை ஆற்றில் கப்பல் விடுவோம் என்ற திட்டமோ இன்னும் காகிதத்தில்தான் இருக்கிறது.

எனக்கு அதைவிட உறுத்துவது வெள்ளம் வடிந்த நிலத்துச் சோளம். செப்டம்பரில் ஆறு கரைபுரண்டு வண்டலைப் பரப்பிவிட்டு வடியும், ஈரக் களிமண்ணில் குழி போட்டு விதைப்பார்கள், உரம் வேண்டாம், பம்பு செட்டு வேண்டாம். மீன் குஞ்சு பொரிப்பதும் மாட்டுக்குப் புல் முளைப்பதும் அந்த வெள்ளத்தால்தான். அணை வந்ததும் அது போய்விடும் என்று தெரிந்தே, வருடம் ஒருமுறை மனந்தாலியிலிருந்து செயற்கையாக வெள்ளம் விடுவதாகப் பேச்சு. ஆனால் அப்படி விட்டால் மின் உற்பத்திக்கான இருப்பு குறையும். மின்சாரத்துக்கு மீட்டர் இருக்கிறது, விலை இருக்கிறது. சோளத்துக்காக வாதாட அந்த மேசையில் யார் இருந்தார்கள்? நீர்ச் சாசனம் அந்த வெள்ளத்தை உறுதி செய்கிறது, விதிவிலக்கான காலம் தவிர என்ற நிபந்தனையோடு. பருவம் தப்புவதே வழக்கமாகிவிட்டால் எந்த வருடம்தான் விதிவிலக்கில்லை, சொல்லுங்கள்.

இன்னொன்று. இந்த ஏற்பாடு முழுவதும் வறட்சியை மனதில் வைத்துச் செய்தது, இப்போது வெள்ளமும் வருகிறது. 2003 அக்டோபரில் சான் லூயி மூழ்கும் நிலை வந்தபோது, ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவிலிருந்த மணல்திட்டில் நான்கு மீட்டர் அகலத்துக்கு அவசரமாக ஒரு கால்வாய் வெட்டினார்கள். நகரம் தப்பியது. ஆனால் கடல் அந்த வெட்டைத் தின்று தின்று கிலோமீட்டர் கணக்கில் அகலமாக்கி, டூன் பாபா தியே என்ற கிராமத்தையே காலி செய்தது. 2024 அக்டோபரில் கினியிலும் மாலியிலும் பெய்த மழையில் செனகலின் பாக்கெல், மத்தாம் பகுதிகளில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீட்டை விட்டுப் போனார்கள்.

அதனால் நான் கேட்பது இதுதான். அடுத்து கினியின் மலைகளில் அணை கட்டப் பேச்சு நடக்கிறது. கடன் கொடுக்க வருகிறவர்கள் எத்தனை மெகாவாட் என்றுதான் முதலில் கேட்பார்கள். செப்டம்பரில் கீழே எவ்வளவு தண்ணீர் விடுவது, எத்தனை நாள் விடுவது, வறண்ட வருடத்தில் மின்சாரம் எவ்வளவு விட்டுக்கொடுக்கும், இறாலுக்கு வழி எங்கே, இவையெல்லாம் கடன் பத்திரத்தில் கையெழுத்து விழுவதற்கு முன்பே எழுதப்பட வேண்டும். எழுதும்போது சோளம் விதைக்கிறவரும் மீன் பிடிக்கிறவரும் பார்வையாளர் நாற்காலியில் உட்காரக் கூடாது, ஓட்டுரிமையோடு உட்கார வேண்டும்.