சுக்கான் தானாக எழும்புகிறது, டில்லர் கையை இழுக்கிறது: ஹோபி 16 சந்தேகத்துக்கு விளக்கம்

அடுத்த கேள்வி மெல்போர்னிலிருந்து ஒரு தம்பி அனுப்பியது. வாசிக்கிறேன். "அண்ணா, வணக்கம். பழைய ஹோபி 16 பாய்ப்படகு ஒன்று வாங்கியிருக்கிறேன். காற்று கொஞ்சம் ஏறினாலே டில்லர் கையைப் பிடித்து இழுக்கிறது. சில நேரம் இடது பக்கச் சுக்கான் தானாகவே மேலே எழும்பிவிடுகிறது. இரண்டு பிளேடும் நுனியில் உடைந்திருக்கின்றன. புதிதாக வாங்கிவிடட்டுமா?"

தம்பி, பணத்தை எடுக்காதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் சொல்கிற தொந்தரவுக்குக் காரணம் பெரும்பாலும் பிளேடு, அதாவது தண்ணீரில் இறங்கும் சுக்கான் பலகை, இல்லை. அதைப் பிடித்து வைத்திருக்கிற சாமான்களில் இருக்கும் ஆட்டம்தான் காரணம். புது பிளேடு மாட்டினாலும் அந்த ஆட்டம் போகாது.

ஹோபி 16 தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. பெயர் நம்முடைய கட்டுமரம் என்ற சொல்லிலிருந்து போனதுதான், ஆனால் இது மரங்களைச் சேர்த்துக் கட்டியது இல்லை. கலிபோர்னியாவில் சர்ஃப் பலகை செய்துகொண்டிருந்த ஹோபி ஆல்டர் கொண்டுவந்த, இரண்டு ஹல், அதாவது இரண்டு படகு உடல், உள்ள பாய்ப்படகு. சுமார் 5 மீட்டர் நீளம், 145 கிலோ எடை. அடியில் தண்ணீருக்குள் இறக்கும் நடுப்பலகை கிடையாது. மணலில் நேராக ஏற்றிவிடலாம். ஒவ்வொரு ஹல்லின் பின்னாலும் ஒரு சுக்கான், இரண்டையும் ஒரு குறுக்குக் கம்பி இணைக்கிறது. அவற்றைத் திருப்பக் கையில் பிடிக்கும் கம்பிதான் டில்லர். தரையிலோ பாறையிலோ பட்டால் பிளேடு உடையாமல் பின்னோக்கி மடங்கி எழும்ப வேண்டும். அதற்காக உள்ளே, பிளேடைக் கீழே பூட்டிப் பிடிக்கும் கேம் என்ற துண்டு ஒன்று, ஒரு ஸ்பிரிங் வைத்திருக்கிறார்கள்.

டில்லர் ஏன் கனக்கிறது என்று பார்ப்போம். கதவைத் தள்ளிப் பாருங்கள். கீலுக்குப் பக்கத்தில் ஒருவர் தள்ளினால் ஒரு கையால் தாங்கிவிடலாம். அவரே ஓரத்தில் நின்று தள்ளினால் தாங்க முடியாது. சுக்கானுக்குக் கீல், ஹல்லின் பின்பக்கம் செருகியிருக்கிற 'பின்' (pin) என்ற கம்பி. பிளேடு முழுதாகக் கீழே இறங்கிப் பூட்டிக்கொண்டால் தண்ணீரின் அழுத்தம் அந்தப் பின்னின் கோட்டை ஒட்டியே விழும். பிளேடு சில டிகிரி பின்னால் சாய்ந்தாலும் அழுத்தம் விழும் இடம் பின்னால் தள்ளிப் போய்விடும். அதைத்தான் உங்கள் கை உணர்கிறது. ஆக, டில்லர் கனப்பதும் சுக்கான் எழும்புவதும் ஒரே நோயாக இருக்கலாம்: கேம் சரியாகப் பூட்டவில்லை, பிளேடு பாதி மடங்கிய நிலையில் ஓடுகிறது. இப்படியே பலத்த காற்றில் ஓட்டினால் பிளேடைப் பிடித்திருக்கும் அலுமினிய வார்ப்பு விரிசல் விடும். அந்தச் செலவு பிளேடு செலவோடு நிற்காது.

வீட்டில் சோதிக்கலாம். படகை டிராலியில் ஏற்றி, சுக்கானை 'டக்' என்று சத்தம் வரும்வரை கீழே பூட்டுங்கள். குறுக்குக் கம்பியை ஒருவர் அசையாமல் பிடிக்கட்டும். நீங்கள் பிளேடின் நுனியைப் பிடித்துப் பக்கவாட்டிலும் முன்னும் பின்னும் ஆட்டுங்கள். கண்ணை நம்பாதீர்கள், இன்னொரு கையின் விரலை ஒவ்வொரு மூட்டிலும் வைத்துப் பாருங்கள். எங்கே ஆடுகிறது என்று விரல் சொல்லிவிடும்.

முதலில் பின். அது தேய்ந்து நடுவில் மெலிந்திருந்தால் மாற்றுங்கள், விலை குறைவுதான். பின் போகிற துளைகளில் புஷ் என்ற சின்ன பிளாஸ்டிக் குழாய் இருக்கும், அதையும் சேர்த்தே மாற்றுங்கள். புது பின்னைப் பழைய புஷ்ஷில் போட்டுப் பயனில்லை. அப்புறம் கட்ஜன், அதாவது பின்னைத் தாங்க ஹல்லோடு திருகியிருக்கும் பிடி. அதன் திருகு தளர்ந்தால் ஆட்டம் மட்டும் இல்லை, அந்த வழியாக ஹல்லுக்குள் தண்ணீர் போகும். கழற்றி, காயவைத்து, கடலுக்கு ஏற்ற சீலன்ட் போட்டுத் திரும்ப முடுக்குங்கள். வார்ப்புக்கும் பிளேடுக்கும் நடுவில் இடைவெளி இருந்தால் மெல்லிய பிளாஸ்டிக் தகடு வெட்டி இரண்டு பக்கமும் வையுங்கள். பால் கேனின் பக்கச் சுவரே போதும், பலரும் அதைத்தான் செய்கிறார்கள்.

இனி கேம். கழற்றிப் பாருங்கள், மணல் இருக்கும். நல்ல தண்ணீரில் கழுவுங்கள். தயவுசெய்து எண்ணெயோ கிரீஸோ போடாதீர்கள். எண்ணெயில் மணல் ஒட்டி, அதுவே உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். காய்ந்துவிடும் வகை சிலிகான் அல்லது டெஃப்லான் ஸ்பிரே போதும். கேமின் விளிம்பு மழுங்கியிருந்தால் புதிது போடுங்கள். ஸ்பிரிங் அழுத்தத்துக்கு ஒரு திருகு உண்டு. அதைக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கி, ஓடும்போது எழும்பாத, ஆனால் கையால் பலமாக இழுத்தால் விடுபடுகிற இடத்தில் நிறுத்துங்கள். எழும்பவே கூடாது என்று இறுக்கி வைத்தால், முதல் மணல்திட்டில் ஹல்லின் பின்பக்கமே பெயர்ந்து வரும்.

சரி, உடைந்த நுனி. ஃபைபர்கிளாஸ் பிளேடு என்றால் அது சுலபமான வேலை. தளர்ந்ததை எல்லாம் உறுதியான இடம் வரும்வரை தேய்த்து எடுங்கள், நல்ல தண்ணீரில் கழுவி, சில நாள் நன்றாகக் காயவிடுங்கள். ஈரம் உள்ளே இருந்தால் எதுவும் ஒட்டாது. எபாக்சியில் சிலிக்கா தூள் கலந்து பேஸ்ட் மாதிரி ஆக்கி, கொஞ்சம் உயரமாகவே பூசுங்கள். இறுகிய பிறகு 80 நம்பர் உப்புத்தாள், அப்புறம் 220, கடைசியில் 400. பாலியெஸ்டர் ரெசின் விலை குறைவு என்று போகாதீர்கள். எபாக்சி மேல் அது சரியாகப் பிடிக்காது, உள்ளே தெர்மோகோல் வகை நுரை இருந்தால் அதைக் கரைத்தே விடும். ஓட்டத்தில் பிளேடு 'ம்ம்ம்' என்று ரீங்காரமிட்டால் பின் விளிம்பைத் தடவிப் பாருங்கள், அங்கே பள்ளமோ மழுங்கலோ இருக்கும். ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: வார்ப்பிலிருந்து பிளேடு வெளியே வரும் இடத்தில் விரிசல் இருந்தால் ஒட்டாதீர்கள், மாற்றுங்கள். முழு வளைவுப் பளுவும் அங்கேதான் விழுகிறது.

கடைசியாக இணைப்பு. இரண்டு சுக்கானையும் கீழே பூட்டி நேராக வைத்து, ஒரே உயரத்தில் முன் விளிம்புகளுக்கு இடையிலும் பின் விளிம்புகளுக்கு இடையிலும் அளந்து பாருங்கள். இரண்டும் சமமாக இருக்கலாம், முன்பக்கம் 2, 3 மில்லிமீட்டர் குறைவாகவும் இருக்கலாம். முன்பக்கம் அகலமாக மட்டும் இருக்கக்கூடாது. குறுக்குக் கம்பியின் நீளத்தை மாற்றிச் சரிசெய்யலாம்.

பின்னின் அடியில் ஒரு சின்ன வளையம் இருக்கிறதே, அதற்கு டேப் சுற்றுங்கள். எனக்கு ஒருமுறை அது எங்கோ மாட்டித் திறந்து விழுந்துவிட்டது. பின் மெதுவாக மேலே ஏறி வெளியே வந்து, வலது சுக்கான் குறுக்குக் கம்பியில் மட்டும் தொங்கியது. கரை ஒரு கிலோமீட்டருக்கு மேல். பாயைத் தளர்த்திவிட்டு, மிச்சமிருந்த ஒரு சுக்கானை வைத்து மெல்ல மெல்ல வந்து சேர்ந்தேன். அன்றிலிருந்து கிளம்பும் முன் இரண்டு வளையத்தையும் தொட்டுப் பார்க்காமல் தண்ணீரில் இறங்கியதில்லை.

வேலை முடிந்ததும் காற்று லேசாக இருக்கிற நாளில், 8 நாட் (மணிக்குச் சுமார் 15 கிலோமீட்டர்) போல, ஒரு சுற்று போய் வாருங்கள். இரண்டு விரலில் டில்லர் நிற்க வேண்டும். அப்போதும் இழுத்தால் மாஸ்ட், அதாவது பாய்மரம், அதிகம் பின்னால் சாய்ந்திருக்கலாம், அதன் படத்தை அனுப்புங்கள், பார்க்கிறேன்.