வீதி விளக்கும் விண்மீனும்

(வலிகாமத்துச் சனசமூக நிலையம் ஒன்றின் வாசிகசாலை முன்றலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, நிலைய நிர்வாகத்தினரே, பெரியோர்களே, தாய்மாரே, மாணவச் செல்வங்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

இரவு வானத்தைக் காப்பாற்ற வேண்டும், அதற்காக வெளிச்சத்தைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று யாழ்ப்பாணத்தில் ஒருவன் மேடையேறிச் சொன்னால், "தம்பி, நாங்கள் பார்க்காத இருட்டா?" என்ற கேள்விதான் முதலில் எழும். அது நியாயமான கேள்வி. 1990 ஆம் ஆண்டில் குடாநாட்டுக்கு வந்துகொண்டிருந்த மின்சாரம் துண்டிக்கப்பட்ட பின்னர், ஜாம் போத்தலின் அடியில் பஞ்சும் சிறிதளவு மண்ணெண்ணெயும் இட்டு ஏற்றிய விளக்கைச் சுற்றியிருந்து படித்துப் பரீட்சை எழுதியவர்கள் இந்த அவையிலேயே பலர் இருப்பீர்கள். அந்நாளில் வானத்தில் திடீரென்று வெளிச்சம் தோன்றினால் அது படையினர் வானில் ஏவும் பரா லைற்றாகத்தான் இருக்கும். அதைக் கண்டதும் பதுங்குகுழியைத் தேடி ஓடியவர்களுக்கு வானத்தின் அழகைப் பற்றி எடுத்துரைக்க வருகிறவன் கொஞ்சம் அடக்கமாகத்தான் பேச வேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்வெட்டு நடைமுறையிலிருந்தபோது வானம் என்னவோ தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் எரிவாயுவுக்கும் எரிபொருளுக்கும் வரிசையில் நின்று களைத்தவர்களில் எத்தனை பேர் அண்ணாந்து பார்த்திருப்பார்கள்?

ஆகவே விளக்குகளை அணைத்துவிட்டு இருட்டில் இருங்கள் என்று கேட்பதற்காக நான் இங்கு வரவில்லை. எம்மீது திணிக்கப்பட்ட இருளிலிருந்து மீண்டு, பெரும்பாடுபட்டுப் பெற்ற வெளிச்சம் இது. அந்த வெளிச்சத்தில் ஒரு பெரும்பகுதியை நாம் வீதிக்கும் கொடாமல், முற்றத்துக்கும் கொடாமல், யாருக்கும் பயனின்றி வானத்தை நோக்கி வீசிக்கொண்டிருக்கிறோம் என்பதே என்னுடைய முறைப்பாடு.

எமக்கு வாய்த்திருக்கும் வானம் எத்தகையது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணம் வட அகலாங்கு ஏறத்தாழ 9 பாகை 40 கலையில் அமைந்திருக்கிறது. அதனால் துருவ நட்சத்திரம் எமது வடக்கு அடிவானத்திலிருந்து பத்துப் பாகைக்கும் சற்றுக் குறைவான உயரத்தில், அதாவது நீட்டிய கையின் முட்டியளவு உயரத்தில், நிற்கிறது. வைகாசி மாதத்தில் இரவு ஒன்பது மணியளவில் வடக்கே திரும்பி நின்றால் சப்தரிஷி மண்டலத்தின் ஏழு விண்மீன்களையும், அப்படியே தெற்கே திரும்பினால் தென்சிலுவையையும் ஒரே முற்றத்தில் நின்று பார்க்கலாம். லண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் எம் உறவுகளின் பிள்ளைகளுக்குத் தென்சிலுவை அடிவானத்துக்கு மேலே எழுவதே இல்லை. விடுமுறைக்கு ஊருக்கு வரும் அந்தப் பிள்ளைகளுக்கு நல்லூரையும் கசூரினாக் கடற்கரையையும் காட்டுகிற நாம், செலவே இல்லாமல் காட்டக்கூடிய இதனை ஏனோ மறந்துவிடுகிறோம். மாசி மாத இரவுகளில் தெற்கே ஒளிரும் அகத்திய விண்மீனையும் இதனுடன் சேர்த்துக்கொள்ளலாம்.

இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. துருவ நட்சத்திரமும் தென்சிலுவையும் எமக்கு அடிவானத்தை அண்டியே தெரிகின்றன. ஊர் விளக்குகளால் எழும் வானொளி மூட்டமும் அடிவானத்தை அண்டிய பகுதியில்தான் மிகவும் தடிப்பாக இருக்கும். உச்சி வானத்து விண்மீன்கள் மறைவதற்கு வெகு முன்னரே, எமது வானத்துக்குச் சிறப்பைத் தரும் இந்த இரண்டும் மறைந்துபோகும். வேறோர் ஊருக்கு இந்த வீண்வெளிச்சம், அதாவது ஒளிமாசு, விளைவிக்கும் இழப்பும் எமக்கு விளைவிக்கும் இழப்பும் ஒரே அளவானவை என்று நான் கருதாததற்கு இதுவே காரணம்.

வானத்தைப் பார்க்கும் பழக்கம் எமக்குப் புதியதுமன்று. 1823 இல் தொடங்கப்பட்ட வட்டுக்கோட்டை செமினரியில் வானியல் ஒரு பாடமாக இருந்தது. 1829 இல் நிகழ்ந்த சந்திர கிரகணத்தின் நேரம் பற்றி, செமினரி அதிபர் டானியல் பூவருடைய கணிப்புக்கும் பஞ்சாங்கம் கணித்த அராலி விசுவநாத சாஸ்திரியாருடைய கணிப்புக்கும் இடையே எழுந்த வேறுபாடு அக்காலத்தில் ஊரெல்லாம் பேசப்பட்டது. எவருடைய கணிப்புப் பொருந்தியது என்பதைவிட, கணிப்புப் பற்றிய ஒரு தகராறைத் தீர்ப்பதற்கு மக்கள் வானத்தைப் பார்த்துக் காத்திருந்தார்கள் என்பதே என்னைக் கவர்கிறது. இன்றும் வாக்கிய பஞ்சாங்கமா திருக்கணித பஞ்சாங்கமா சரி என்று விவாதிக்க எம்மில் ஆட்கள் உண்டு. ஆனால் விவாதம் கடதாசியிலேயே முடிந்துவிடுகிறது. கோயிலில் அர்ச்சனைக்குக் கொடுக்கும்போது பெயரையும் நட்சத்திரத்தையும் தடுமாறாமல் சொல்லுகிறோம். கார்த்திகை நட்சத்திரத்தில் பிறந்தவரிடம் கார்த்திகை வானத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டுப்பாருங்கள். விளக்கீட்டன்று வாசலில் வாழைக்குற்றி நாட்டித் தீபம் ஏற்றும்போது, முழுநிலவு அந்த அறுமீன் கூட்டத்தை அண்டித்தான் நிற்கிறது. திருவெம்பாவை நிறைவுறும் நாளில் அது ஆதிரையை அண்டி நிற்கிறது. எங்கள் விழாக்களுக்கு நாள் குறித்துக் கொடுத்த வானத்தை, விழா நாளில்கூட நாம் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

இனி, வெளிச்சம் எவ்வாறு மாசாகிறது என்பதைப் பார்ப்போம். ஒரு விளக்கிலிருந்து மேல்நோக்கியும் பக்கவாட்டிலும் செல்லும் ஒளி, காற்றிலுள்ள மூலக்கூறுகளிலும் தூசியிலும் ஈரத்துளிகளிலும் பட்டுச் சிதறி, வானம் முழுவதும் மங்கலான ஒரு திரையாகப் படர்கிறது. விண்மீன்கள் போய்விடவில்லை, அவற்றைவிடத் திரை பிரகாசமாகிவிட்டது. நீல ஒளி ஏனைய நிறங்களைவிட அதிகமாகச் சிதறும். பகலில் வானம் நீலமாகத் தெரிவதற்கும் அதுவே காரணம். நாம் கடையில் வாங்கும் எல்.ஈ.டி மின்குமிழின் பெட்டியை ஒரு தடவை திருப்பிப் பாருங்கள். 'டே லைற்' என்று குறிப்பிடப்பட்டவற்றில் பெரும்பாலும் 6500 கெல்வின் என்று அச்சிடப்பட்டிருக்கும். இளமஞ்சள் நிறம் தருவனவற்றில் 3000 அல்லது 2700 என்று இருக்கும். அந்த எண் கூடக்கூட நீலப் பங்கு கூடுகிறது, சிதறலும் கூடுகிறது. முன்னர் எமது வீதிகளில் எரிந்த மஞ்சள் நிறச் சோடியம் விளக்குகளின் இடத்தில் கண்ணைப் பறிக்கும் வெள்ளை விளக்குகள் வந்தபோது, மின்கட்டணம் குறைந்ததைக் கவனித்தோம். வானம் வெளிறியதைக் கவனிக்கவில்லை.

உலக அளவில் இது எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதற்கு இரண்டு ஆய்வுகளைச் சொல்கிறேன். 2016 இல் வெளிவந்த செயற்கை வானொளிப் படத்தொகுப்பு, உலக மக்களில் நூற்றுக்கு 83 பேர் ஒளிமாசு படிந்த வானத்தின் கீழ் வாழ்கிறார்கள் என்றும், மூன்றிலொரு பங்கினருக்கு மேற்பட்டோர் தாம் வாழும் இடத்திலிருந்து பால்வீதியைக் காண முடியாதவர்கள் என்றும் கணக்கிட்டது. 2011 முதல் 2022 வரை உலகெங்கும் சாதாரண மக்கள் வெறுங்கண்ணால் பார்த்து அனுப்பிய தரவுகளைக் கொண்டு 2023 இல் வெளியான ஆய்வொன்று, இரவு வானத்தின் பிரகாசம் ஆண்டுக்குச் சராசரியாக 9.6 வீதம் கூடிவந்திருக்கிறது என்று கண்டது. அந்த வேகத்தில் போனால், 250 விண்மீன்கள் தெரியும் இடத்தில் பிறக்கும் குழந்தைக்குப் பதினெட்டு வயதாகும்போது அங்கே 100 விண்மீன்களே தெரியும்.

இப்போது எமது ஒழுங்கைகளுக்கு வருவோம். வெளிநாட்டு உறவுகளின் அன்பளிப்பாகப் பல ஊர்களில் சூரிய மின்கல வீதிவிளக்குகள் நாட்டப்பட்டிருக்கின்றன. நல்ல முயற்சி, கொடுத்தவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் அவற்றில் பலவற்றில் மின்கலத் தகடும் விளக்கும் ஒரே பெட்டியாக இருக்கின்றன. தகட்டுக்கு வெயில் படுவதற்காகப் பெட்டியைச் சாய்த்துப் பூட்டுகிறார்கள். தகட்டோடு விளக்கும் சாய்ந்துவிடுகிறது. சைக்கிளில் எதிரே வருபவரின் கண்ணுக்கு நேராக வெளிச்சம் பாய்கிறது. அவர் கண் கூசி, விளக்குக்கு அப்பால் வீதியோரத்தில் இருக்கும் குழியைக் காணாமல் போகிறார். வீட்டு மதிலில் பூட்டும் போக்கஸ் லைற்றும் இப்படித்தான். வீதியைப் பார்த்தபடி எரியும் அந்த விளக்கின் பின்னால், மதிலின் நிழலில் ஒருவன் நின்றாலும் எமக்குத் தெரியாது. அவனுக்கோ நாம் நன்றாகத் தெரிவோம். இருளுக்குப் பழகிய கண், பலமான வெளிச்சம் பட்டபின் மீண்டும் முழுமையாகப் பழகுவதற்கு இருபது முப்பது நிமிடங்கள் எடுக்கும். திருட்டுக்கும் வாள்வெட்டுக்கும் பாம்புக்கும் அஞ்சி விளக்குப் போடுகிறோம் என்று சொல்லுகிறீர்கள். அந்த அச்சம் உண்மையானது, குறிப்பாக மாலை வகுப்பு முடிந்து வரும் பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களின் அச்சம். அதற்கு வேண்டியது நிலத்தில் விழும் வெளிச்சம். வாய்க்கால் கட்டாமல் இறைத்த கிணற்று நீர் வெங்காயப் பாத்தியைச் சேராதது போல, மூடியில்லாத விளக்கின் ஒளி வீதியைச் சேர்வதில்லை. மேற்பக்கமும் பக்கங்களும் மறைக்கப்பட்டு, கீழ்நோக்கிப் பூட்டப்பட்ட குறைந்த வலுவுள்ள விளக்கு, கூடிய வலுவுள்ள திறந்த விளக்கைவிட நன்றாகவே வழிகாட்டும்.

பாதிக்கப்படுவது விண்மீன் பார்ப்பவர் மட்டுமல்லர். நெல் குறும்பகற் பயிர்; இரவு நீளும்போதுதான் எமது பழைய நாட்டு நெல்லினங்கள் பூக்கத் தொடங்கும். வயலோரத்து விளக்கு விடியும்வரை எரிந்தால், அதனடியில் உள்ள பயிர் இரவு குறுகியதென்று எண்ணிக் கதிர் தள்ளப் பிந்தும். கோயிலடியில் நிற்கும் இலுப்பையின் பூக்களுக்கு மகரந்தம் சுமப்பவை வௌவால்கள்; பழந்தின்னும் வௌவால் வெளிச்சம் கூடிய இடத்தைத் தவிர்க்கும். முட்டையிலிருந்து வெளிவரும் கடலாமைக் குஞ்சு, கடல் எந்தப் பக்கம் என்பதை வெளிச்சத்தைக் கொண்டே அறிகிறது. கரையில் விளக்கு எரிந்தால் அது கடலை விட்டு வீதிக்கு ஏறும். வெளிச்சம் உயிர்களை எவ்வளவு தூரம் இழுக்கும் என்பதை எமது கடற்றொழிலாளருக்கு நான் விளக்க வேண்டியதில்லை; ஒளிபாய்ச்சி மீன்பிடிப்பதை அவர்கள் எதிர்த்துப் போராடிவருவதே அதனால்தான். மனிதருக்கும் இரவில் சுரக்கவேண்டிய, உறக்கத்துக்கு உதவும் மெலற்றோனின் என்ற ஹோர்மோன் நீல வெளிச்சத்தால் தடைப்படுகிறது. அதைப் பற்றி வைத்தியர் ஒருவர் இதே மேடையில் தனியாகப் பேசுவது நல்லது.

இது நடக்கக்கூடிய காரியமா என்று கேட்பவர்களுக்காகச் சில எடுத்துக்காட்டுகள். அமெரிக்காவின் பிளாக்ஸ்டாவ் நகரம் அங்குள்ள வானியல் அவதான நிலையத்துக்காக 1958 லேயே தேடொளி விளக்குகளைக் கட்டுப்படுத்தி விதி இயற்றியது. 2001 இல் உலகின் முதலாவது இருள்வான நகரம், அதாவது வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தி இரவு வானத்தைப் பேணும் நகரம், என்ற தகுதியைப் பெற்றது. கடை முகப்பு விளக்குகளை அதிகாலை ஒரு மணிக்குள் அணைக்கவேண்டும் என்ற விதியைப் பிரான்ஸ் 2013 இல் நடைமுறைப்படுத்தியது. இந்தியாவின் லடாக்கிலுள்ள ஹன்லே 2022 இல் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டபோது, அங்குள்ள கிராமத்தவருக்கே தொலைநோக்கியும் பயிற்சியும் கொடுத்து, வரும் பயணிகளுக்கு வானத்தைக் காட்டி வருமானம் பெற வழிசெய்தார்கள்.

ஹன்லேயைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் என் மனம் நெடுந்தீவுக்குப் போகிறது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்கும் காற்றும் சூரிய ஒளியும் கலந்த மின் திட்டம் இந்திய உதவியுடன் முன்னெடுக்கப்படுகிறது. மின்சாரம் கூடும், கூட வேண்டும். அதனோடு விளக்குகளும் கூடும். எந்த விளக்கு என்பதைத் தீவு மக்களே இப்போதே தெரிவுசெய்துகொண்டால், பின்னர் கழற்றி மாற்றும் செலவு இல்லை. கோட்டையையும் குதிரைகளையும் பார்த்துவிட்டுப் பிற்பகல் படகில் திரும்பும் பயணிகள், பால்வீதியைப் பார்ப்பதற்காக ஓரிரவு தங்குவார்கள். கடல் சூழ்ந்த தீவில், நாலு பக்கமும் அடிவானம் திறந்திருக்கும் அந்த வாய்ப்பு வலிகாமத்தில் எமக்கு இல்லை.

கோயில் விளக்குகளைப் பற்றிப் பேசாமல் போனால் நான் பயந்துவிட்டேன் என்று நினைப்பீர்கள். திருவிழாவின் மின்னலங்காரத்தை எவரும் நிறுத்தச் சொல்லவில்லை. சுவாமி இருப்புக்குத் திரும்பி, நடை சாத்தி, கச்சான் கடைக்காரரும் படுத்தபின், ஒருவரும் இல்லாத வீதியில் விடியும்வரை அலங்கார விளக்கு எரிவதால் யாருக்கு என்ன புண்ணியம் என்பதை மட்டும் பரிபாலன சபையினர் யோசிக்க வேண்டும். கோபுரத்துக்குக் கீழிருந்து மேலே பாய்ச்சும் விளக்கில் ஒரு பெரும்பங்கு கோபுரத்தைத் தாண்டி நேரே வானத்துக்குப் போகிறது. அதன் கோணத்தைக் குறுக்கினாலே போதும். மின்னொளியில் கரப்பந்தாட்டச் சுற்றுப்போட்டி நடத்தும் விளையாட்டுக் கழகத் தம்பிமாருக்கும் இதையே சொல்வேன்: விளக்கைத் தரைக்குச் சரித்துப் பூட்டுங்கள், பந்தை அடிக்க எழும் வீரனுக்கும் கண் கூசாது.

இந்த நிலையத்தின் பெயரில் பிரதேச சபைக்குக் கொடுப்பதற்காக ஒரு விண்ணப்பத்தை எழுதியிருக்கிறோம். வீதிவிளக்குகள் அவர்களுடைய பொறுப்பு என்பதால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. இனி வாங்கப்படும் விளக்குகள் 3000 கெல்வினுக்கு மேற்படாதவையாகவும் மேற்பக்கம் மூடியவையாகவும் இருக்க வேண்டும் என்பதும், சன நடமாட்டம் குறைந்தபின் தானாகவே மங்கும் வகையில் அவற்றை அமைக்க வேண்டும் என்பதும் அதிலுள்ள கோரிக்கைகள். ஏற்கெனவே உள்ள விளக்குகளில் சாய்ந்திருப்பவற்றை நேராக்குவதற்கு ஓர் ஏணியும் ஒரு திருகாணிச் சாவியும் போதும்; அதற்கு நிதி ஒதுக்கீட்டுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

பாடசாலை ஆசிரியர்களிடம் இன்னொரு வேண்டுகோள். தை முதல் பங்குனி வரை முன்னிரவில் ஓரியன் எனப்படும் வேடன் விண்மீன் குழு நன்றாகத் தெரியும். அதன் நான்கு மூலைகளுக்குள் எத்தனை விண்மீன்கள் தெரிகின்றன என்பதை, நிலவில்லாத ஓர் இரவில், பிள்ளைகள் தத்தம் வீட்டு முற்றத்திலிருந்து எண்ணிக் குறிக்கட்டும். யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் ஆகிய ஐந்து வலயங்களிலும் ஆண்டுதோறும் ஒரே முறையில் எண்ணினால், எமது வானம் எங்கே எவ்வளவு வெளிறுகிறது என்பதற்கு எமது பிள்ளைகளின் கையாலேயே ஒரு பதிவு உருவாகும். அதற்குரிய படிவங்கள் வாசிகசாலை மேசையில் இருக்கின்றன. விண்ணப்பமும் அருகிலேயே இருக்கிறது. போகும்போது ஒப்பமிட்டுச் செல்லுங்கள். நன்றி, வணக்கம்.