வராதவருக்கும் ஒரு பங்கு

அன்பான நேயர்களே, வணக்கம்.

சபை என்றதும் பலருக்கும் ஒரு கட்டடம்தான் கண்முன் வரும். ஆனால் புதிய ஏற்பாட்டில் அந்தச் சொல் கட்டடத்தைக் குறிப்பதே இல்லை. கிரேக்க மூலத்தில் இருப்பது 'எக்லேசியா'. ஊர்க் காரியம் பேசக் கூடிய குடிமக்கள் கூட்டத்துக்கு அன்று வழங்கிய சொல் அது. முதல் கிறிஸ்தவர்கள் வீடுகளில்தான் கூடினார்கள். பிரிஸ்கில்லாள், ஆக்கில்லா தம்பதியரின் வீட்டில் கூடும் சபைக்கும் வாழ்த்து சொல்லி எழுதுகிறார் அப்போஸ்தலர் பவுல்.

அப்படிப்பட்ட வீடு ஒன்றை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள். கொரிந்து நகரம், ஏறக்குறைய கி.பி. 55. வீட்டுக்காரர் கொஞ்சம் வசதியானவர். அன்றைய ரோம வழக்கப்படி சாப்பாட்டு அறையில் மூன்று சாய்வு மஞ்சங்கள், ஒன்றுக்கு மூன்று பேர். மிஞ்சியவர்கள் முற்றத்தில்தான் இருந்திருப்பார்கள். அடிமைகளும் கூலிக்காரர்களும் அந்தச் சபையில் உண்டு. ஞாயிற்றுக்கிழமை அப்போது ஓய்வு நாள் அல்ல. 321இல் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் ஆணையிட்ட பிறகுதான் அது வந்தது. எஜமானர் விட்டால்தான் அடிமை வெளியே வர முடியும். வேலை முடித்து அவர் ஓடி வந்து சேரும்போது பந்தி முடிந்து பாத்திரங்கள் காலியாகியிருக்கும்.

பவுல் கேள்விப்பட்டது இதைப் போன்ற ஒன்றைத்தான். "ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்" என்று கொரிந்து சபைக்கு எழுதிய முதல் கடிதத்தில் சொல்கிறார். வெறி என்றால் இங்கே குடிமயக்கம். இது கர்த்தருடைய இராப்போஜனமே, அதாவது இயேசுவை நினைத்து அப்பத்தையும் கிண்ணத்தையும் பகிரும் திருவிருந்தே, அல்ல என்கிறார். தேவனுடைய சபையை அசட்டை பண்ணுவதையும் இல்லாதவர்களை வெட்கப்படுத்துவதையும் ஒரே மூச்சில் கேட்கிறார். இந்த இடத்தில் நான் எப்போதும் நின்றுவிடுவேன். ஏழையை வெட்கப்படுத்தினால் சபையையே அவமதித்தாயிற்று என்றுதான் எனக்குப் புரிகிறது. சரி, அதற்கு அவர் என்ன வழி சொன்னார்? புதிய சட்டம் எதுவும் போடவில்லை. "ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்", அவ்வளவுதான்.

அதே கடிதத்தின் அடுத்த அதிகாரத்தில்தான் சபையை ஓர் உடல் என்கிறார். கண் கையைப் பார்த்து நீ எனக்கு வேண்டாம் என்று சொல்ல முடியாது என்கிறார். இதை நாம் பெரும்பாலும் அவரவர் திறமையைப் பற்றிய போதனையாகவே கேட்டுப் பழகிவிட்டோம். அந்தப் பந்தியை நினைத்துக்கொண்டு வாசித்துப் பாருங்கள், சாப்பாடு கிடைக்காமல் முற்றத்தில் நிற்கிறவரைப் பற்றிய பேச்சாகவே அது கேட்கும்.

நூறு வருடம் கழித்து, ஏறக்குறைய 155இல், ஜஸ்டின் என்பவர் ரோமிலிருந்து பேரரசருக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். கிறிஸ்தவர்கள் கூடி என்னதான் செய்கிறார்கள் என்று அதில் விளக்குகிறார். வேதம் வாசிக்கிறார்கள், ஜெபிக்கிறார்கள், அப்பத்தைப் பகிர்கிறார்கள். வராதவர்களின் பங்கை உதவிக்காரர்கள் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். காணிக்கை அனாதைகளுக்கும் விதவைகளுக்கும் நோயாளிகளுக்கும் சிறையில் கிடக்கிறவர்களுக்கும் போகிறது. கூடியவர்களின் கணக்கில் கூட முடியாதவர்களும் இருந்திருக்கிறார்கள்.

வராதவர்களின் பங்கைப் பற்றி ஜஸ்டின் எழுதிய அந்த வரியை எத்தனையோ முறை படித்திருக்கிறேன். ஆனால் அது எனக்கு உறைத்தது ஒரு ஞாயிறு மாலையில். படுக்கையில் இருந்த ஒரு பாட்டிக்குத் திருவிருந்து கொடுக்கப் போன ஆயரோடு நானும் போயிருந்தேன். பாட்டியின் கை நடுங்கியது. ஆயர் அந்தச் சின்னக் கிண்ணத்தைத் தன் கையாலேயே உதட்டில் வைத்துச் சாய்த்தார். வாயைத் துடைத்துக்கொண்டு பாட்டி என்னைப் பார்த்து, "என் இடத்துல இப்ப யாருப்பா உட்கார்றாங்க?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. பல வருடமாக அவருக்கு இரண்டு வரிசை பின்னால்தான் நான் உட்காருகிறேன். அந்த இடம் நான்கு மாதமாகக் காலியாக இருந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை. அதை அவரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அந்தப் பெஞ்சுக்குப் போய்ப் பார்த்தேன். அவருடைய பாட்டுப் புத்தகம் அங்கேயே இருந்தது. நாங்கள் நான்கு பேர் அதை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனோம். இன்றைக்கு என்ன பாடினீர்கள் என்று கேட்டார். பாடிக் காட்டினோம். இரண்டாவது சரணத்தில் அவரும் சேர்ந்துகொண்டார். மூச்சு வாங்கியதால் ஒவ்வொரு வரிக்கும் வெகுநேரம் எடுத்தது. அவர் முடிக்கும்வரை நின்று, அப்புறம் அடுத்த வரியைத் தொடங்கினோம்.